திறவுச்சொல்: நூலக அட்டையிலிருந்து வலைப்பதிவு வரை

திறவுச்சொல் என்பது ஓர் எழுத்தைத் தேடி வருபவர் அதைக் கண்டடைய உதவும் சொல் ஆகும். குறிச்சொல், முதன்மைச்சொல் என்றும் இதனை வழங்குவர். வலைப்பதிவு எழுதும் ஒருவர் நீரிழிவைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்றை எழுதுகிறார் என்று கொள்வோம். கட்டுரை முழுவதும் 'நீரிழிவு' என்றே எழுதியிருக்கிறார். அதே செய்தியைத் தேடும் வாசகர் 'சர்க்கரை நோய்' என்று தேடுபொறியில் தட்டுகிறார். இருவருக்கும் பொருள் ஒன்றுதான், சொல் வேறு. கட்டுரை இருந்தும் வாசகரைச் சேராமல் போக இவ்வளவு போதும்.

இந்த இடைவெளி கணினியோடு வந்ததன்று. நூல்கள் பெருகிய காலத்திலிருந்தே உள்ளது. தேடுவதற்குரிய சொல்லை யார் தேர்ந்தெடுப்பது, அவரை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை சொல்லிப் பார்த்தது.

சொல்லடைவுகளின் காலம்

13ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரில் டொமினிக்கன் சபைத் துறவிகள், செயின்ட் செர் ஊரினரான ஹியூ என்பவரின் தலைமையில், இலத்தீன் விவிலியத்துக்கு ஒரு சொல்லடைவு தயாரித்தனர். விவிலியத்தில் இன்றுள்ள வசன எண்கள் அன்று இல்லை. எனவே ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு பகுதிகளாக மனத்தில் பிரித்து, ஏழு எழுத்துகளால் குறித்து, ஒரு சொல் எந்த அதிகாரத்தில் எந்தப் பகுதியில் வருகிறது என்று காட்டினர். மறையுரை ஆற்றுபவருக்கு ஒரு சொல் நினைவில் இருந்தால் போதும், இடம் கிடைத்துவிடும்.

தமிழிலும் இத்தகைய தேவை இருந்தது. நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்தன. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்தனர் என்பதால், ஒரு வகையில் அவர்களே நடமாடும் அடைவாக இருந்தனர். அச்சு வந்த பிறகு உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பதங்களுக்கும் பிறவற்றுக்கும் அகராதிகளை இணைத்தார். 1967க்கும் 1970க்கும் இடையில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்கு மூன்று தொகுதிகளில் சொல்லடைவு வெளியிட்டது. 'யானை' என்ற சொல் சங்கப் பாடல்களில் எங்கெல்லாம் வருகிறது என்று அறிய விரும்பும் ஆய்வாளர், அதற்கு முன்பு எல்லாப் பாடல்களையும் படித்தாக வேண்டும்.

சொல்லடைவு தயாரிப்பவர் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்லை, நூலில் உள்ளதை அப்படியே எடுத்துக் கொடுக்கிறார். நூலகருடைய வேலை கடினமானது. ஆயிரக்கணக்கான நூல்களுக்கு, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று சில சொற்களில் அவர் சொல்ல வேண்டும். வாசகர் எந்தச் சொல்லோடு வருவார் என்பதையும் முன்கூட்டியே ஊகிக்க வேண்டும்.

இந்தச் சிக்கலை ஒழுங்காக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவது. 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அதோடு சங்கிலி அடைவு என்ற முறையையும் உருவாக்கினார். ஒரு நூலின் பகுப்பு எண்ணைக் கணுக்கணுவாகப் பிரித்து, ஒவ்வொரு கணுவுக்கும் உரிய சொல்லை அடைவில் ஏற்றுவது அந்த முறை. நெற்பயிரின் நோய்களைப் பற்றிய நூல் ஒன்று இருந்தால், 'நோய்' என்று தேடி வருபவரும் 'நெல்' என்று தேடி வருபவரும் 'வேளாண்மை' என்று தேடி வருபவரும் அதை வந்தடைய வழி இருக்கும். 1950இல் தொடங்கிய பிரித்தானிய தேசிய நூற்றொகை சுமார் இருபது ஆண்டுகள் இந்த முறையையே பின்பற்றியது. ஒரே பொருளுக்கு வாசகர் பல வாயில்களால் வருவார் என்ற அவருடைய எண்ணம், இன்று தேடுபொறியைப் பற்றிப் பேசுவோர் பலர் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் கருத்துத்தான்.

எந்திரம் சொல் பொறுக்கத் தொடங்கியது

1950களில் அறிவியல் கட்டுரைகள் பெருகின. ஒவ்வொன்றையும் படித்துச் சொல் கொடுக்க ஆள் போதவில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்ற பொறியாளர், கட்டுரைத் தலைப்பிலுள்ள சொற்களையே கணினியைக் கொண்டு அகரவரிசைப்படுத்தினார். கடன் அட்டை எண் சரியா என்று சோதிக்க இன்றும் பயன்படும் கணக்கு முறையை வகுத்தவரும் இவரே. 'தஞ்சைப் பெரிய கோயிலின் கட்டடக் கலை' என்ற தலைப்பை எடுத்துக்கொண்டால், அது 'தஞ்சை' என்ற இடத்திலும், 'கோயில்' என்ற இடத்திலும், 'கட்டடம்' என்ற இடத்திலும், 'கலை' என்ற இடத்திலும் முழுத் தலைப்போடு தோன்றும். 'ஒரு', 'பற்றி' போன்ற சொற்கள் விலக்கப்படும். சூழலுடன் கூடிய திறவுச்சொல் எனப்பட்ட இந்த அடைவை 1958ஆம் ஆண்டு வாஷிங்டனில் நடந்த அறிவியல் தகவல் மாநாட்டில் அறிஞர்கள் கண்டனர். படித்துப் புரிந்துகொள்ளாத எந்திரம் ஒன்று நூலகரின் வேலையில் பாதியைச் செய்தது பலருக்கு வியப்பாகவும் சிலருக்கு எரிச்சலாகவும் இருந்தது.

அந்த எரிச்சலைச் சோதனைக்கு உட்படுத்தியவர் இங்கிலாந்தின் கிரான்பீல்டு வானூர்திக் கல்லூரி நூலகர் சிரில் கிளெவர்டன். முதல் சோதனையில் 18,000 ஆவணங்களை நான்கு வெவ்வேறு முறைகளில் அடைவு செய்து, எது நன்றாகத் தேடித் தருகிறது என்று பார்த்தார். 1960களில் செய்த இரண்டாவது சோதனையில், வல்லுநர்கள் கட்டுப்படுத்தி அமைத்த சொற்பட்டியல்களைவிட, கட்டுரையிலிருந்தே எடுத்த தனிச்சொற்கள் சற்று மேலாகவே பயன் தந்தன. இந்த முடிவை ஏற்க நூலகத் துறையினருக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகள் வாதம் நடந்தது.

1972இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் மேலும் ஒரு படி சென்றார். எல்லாக் கட்டுரைகளிலும் வரும் சொல்லுக்குத் தேடலில் மதிப்புக் குறைவு, சில கட்டுரைகளில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்று கணக்கிட்டுக் காட்டினார். 'மேலும்' என்ற சொல் எந்தக் கட்டுரையையும் அடையாளம் காட்டாது, 'நடுகல்' காட்டும். தேடுபொறிகள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வரும் அடிப்படைக் கணக்குகளுள் இது ஒன்று.

எழுதியவரை நம்பிய காலம்

இணையம் வந்தபோது கேள்வி மீண்டும் முதலிலிருந்து எழுந்தது. 1993ஆம் ஆண்டின் இறுதியில் மார்ட்டின் கோஸ்டர் 'அலிவெப்' என்ற தேடு சேவையை அறிவித்தார். தளத்தை நடத்துபவரே தம் பக்கங்களைப் பற்றிய விளக்கத்தையும் திறவுச்சொற்களையும் ஒரு கோப்பில் எழுதி வைப்பார். அலிவெப் அதை எடுத்துச் சென்று தொகுக்கும். முறை நேர்மையானது. ஆனால் அந்தக் கோப்பை எழுதி வைக்க முன்வந்தவர் மிகச் சிலரே. 1994இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான 'வெப்கிராலர்' யாரையும் கேட்காமல் பக்கங்களின் முழு உரையையும் படித்து அடைவு செய்தது. 1995 திசம்பரில் வந்த அல்டாவிஸ்டா அதைப் பேரளவில் செய்தது.

இதற்கிடையே இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியில், வாசகர் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் திறவுச்சொற்களை எழுதி வைக்க ஓரிடம் ஏற்பட்டது. தேடுபொறிகள் அதைப் படித்து மதிப்பளித்தன. நூலகரின் அட்டையை எழுதும் உரிமை ஒரே நாளில் எழுத்தாளர் கைக்கு வந்துவிட்டது. நல்லவர்கள் அதை நன்றாகவே பயன்படுத்தினர். நீரிழிவைப் பற்றி எழுதியவர் சர்க்கரை நோய் என்ற சொல்லையும் அங்கே சேர்த்துவிடலாம் அல்லவா?

ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடம் ஏமாற்றுக்கு வசதியாகவும் போயிற்று. ஒரே சொல்லை நூறு முறை எழுதினர். பக்கத்துக்குத் தொடர்பே இல்லாத, மக்கள் அதிகம் தேடும் பெயர்களை அடுக்கினர். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் சொற்களைத் தெளித்தனர். போட்டி நிறுவனத்தின் பெயரைத் தம் பக்கத்தின் திறவுச்சொல்லாக ஒளித்து வைத்தவரும் உண்டு. வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. 1999இல் புரூக்பீல்டு கம்யூனிகேஷன்ஸ், வெஸ்ட் கோஸ்ட் என்டர்டெயின்மென்ட் என்ற இரு நிறுவனங்களுக்கு இடையேயான வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பிறருடைய வணிகப் பெயரை இவ்வாறு ஒளித்து வைப்பது அந்தப் பெயரை எழுதிய பலகையைத் தம் கடை வாசலில் வைப்பதற்கு நிகர் என்று கருதியது. உள்ளே வந்த வாடிக்கையாளர் பின்னர் உண்மையை உணர்ந்தாலும், அவரை அழைத்து வந்தது பிறருடைய பெயர் அல்லவா என்பது வாதம்.

1998இல் செர்கே பிரினும் லாரி பேஜும் கூகுளின் அமைப்பை விளக்கி எழுதிய ஆய்வுக் கட்டுரையில், வாசகர் கண்ணில் படாத உரை எதுவானாலும் அது தேடுபொறியை ஏமாற்றவே பயன்படுத்தப்படுகிறது என்ற கருத்தைச் சொல்லியிருந்தனர். எனவே அவர்கள் எழுதியவரின் வாக்குமூலத்தை விட்டுவிட்டு, மற்றவர்களின் சாட்சியத்தை எடுத்துக்கொண்டனர். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், எத்தகையவர், இணைப்புக் கொடுக்கின்றனர் என்பதும், அந்த இணைப்பில் எந்தச் சொற்களை எழுதுகின்றனர் என்பதும் கணக்கில் வந்தன. 2002இல் அல்டாவிஸ்டாவும் ஒளிந்திருக்கும் திறவுச்சொற்களைப் படிப்பதை நிறுத்தியது. 2009 செப்டம்பரில் கூகுள் தன் தரவரிசையில் அவற்றைப் பயன்படுத்துவதே இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பெட்டியை நிரப்பித் தருவதற்குக் கட்டணம் வாங்கியவர்கள் இருந்தனர்!

திறவுச்சொல் விலைபொருளானதும் இதே காலத்தில்தான். 1998இல் கோடூ என்ற தேடுதளம் சொற்களை ஏலத்தில் விட்டது. அதிகம் கொடுப்பவரின் பக்கம் மேலே வரும். 2000 அக்டோபரில் கூகுள் தன் விளம்பரச் சேவையைத் தொடங்கியது. விளம்பரத்தைத் தேடல் முடிவிலிருந்து தனியே காட்டியது கூகுளின் கெட்டிக்காரத்தனம்.

வலைப்பதிவர்கள் கையில்

1999இல் பிளாகர், 2003இல் வேர்ட்பிரஸ் என எளிய கருவிகள் வந்தபின், குறிமொழி அறியாதவரும் எழுதலாயினர். வலைப்பதிவுகள் ஒன்றுக்கொன்று தாராளமாக இணைப்புக் கொடுத்துக்கொண்டன. இணைப்பைச் சாட்சியமாகக் கொண்ட தேடுபொறிக்கு அது பெரிய விருந்து. அந்தச் சாட்சியமும் களங்கப்பட அதிக நாள் ஆகவில்லை. 2003இன் இறுதியில் வலைப்பதிவர் பலர் ஒன்றுசேர்ந்து, 'படுதோல்வி' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்றொடரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தனர். அந்தச் சொற்றொடரைத் தேடியவருக்கு அவருடைய பக்கமே முதலில் வந்தது. அந்தப் பக்கத்தில் அச்சொற்கள் இல்லவே இல்லை. கூகுள் இதைச் சரிசெய்தது 2007 சனவரியில்தான். மறுமொழிப் பெட்டிகளிலும் விளம்பர இணைப்புகள் குவிந்தன. அத்தகைய இணைப்புகளைச் சாட்சியமாகக் கொள்ள வேண்டாம் என்று குறிக்கும் வழியை 2005 சனவரியில் தேடுபொறி நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்தன.

வலைப்பதிவர் இடுகையின் அடியில் இடும் குறிச்சொற்கள் வேறு வகை. அவை வாசகர் கண்ணுக்குத் தெரிபவை. 2003இல் டெலிசியஸ் என்ற தளம் அதைப் பரவலாக்கியது. 2005இல் டெக்னோராட்டி அவற்றைக் கொண்டு உலக வலைப்பதிவுகளையே திரட்டியது. இந்தக் குறிச்சொற்கள் ஒரே பதிவுக்குள் பழைய இடுகைகளைத் தேட நன்கு உதவுகின்றன. ஓர் இடுகைக்கு முப்பது குறிச்சொற்கள் இடுபவர் அந்த உதவியையும் கெடுத்துக்கொள்கிறார்.

அக்காலப் பதிவருக்கு இன்று இல்லாத ஒரு வசதி இருந்தது. எந்தச் சொல்லைத் தேடித் தம் பக்கத்துக்கு வாசகர் வந்தார் என்பது வருகைப் பதிவேட்டிலேயே தெரிந்தது. தாம் எழுதாத சொல்லால் பலர் வருவதைக் கண்டு, அந்தச் சொல்லை அடுத்த கட்டுரையில் சேர்த்துக்கொண்டவர் பலர். 2011 அக்டோபர் முதல் கூகுள் கணக்கில் நுழைந்து தேடுபவர்களின் சொற்கள் மறைக்கப்பட்டன. 2013இல் எல்லோருடையதும் மறைந்தன. வாசகரின் தனியுரிமைக்கு அது நல்லது. பதிவருக்கு ஒரு சன்னல் மூடியது. கூகுள் தரும் தனிக்கருவி ஒன்றில் தொகுப்பாக மட்டும் இப்போது அவற்றைக் காணலாம்.

சொல்லுக்காகவே கட்டுரை எழுதும் வழக்கமும் வளர்ந்தது. மக்கள் எதைத் தேடுகின்றனர் என்று பட்டியல் எடுத்து, அறிந்தவர் அறியாதவர் எல்லோரையும் கொண்டு மலிவாக எழுதிக் குவித்த தளங்கள் தோன்றின. 2011 பிப்ரவரியில் கூகுள் 'பாண்டா' என்ற மாற்றத்தால் அவற்றைக் கீழே தள்ளியது. அமெரிக்காவில் நடக்கும் தேடல்களில் 11.8 விழுக்காட்டில் முடிவுகள் குறிப்பிடத்தக்க அளவு மாறும் என்று அந்நிறுவனமே கூறியது. 2019இல் ஆங்கிலத்தில் தொடங்கி, அவ்வாண்டின் இறுதிக்குள் 70க்கு மேற்பட்ட மொழிகளில், சொற்றொடரின் பொருளை அறிய முயலும் 'பெர்ட்' என்ற முறை நடைமுறைக்கு வந்தது.

இத்தனைக்கும் பிறகு, வாசகர் எந்தச் சொல்லால் தேடுவாரோ அந்தச் சொல்லைத் தலைப்பிலும் முதன்மையான இடங்களிலும் எழுதுங்கள் என்பதே கூகுள் இன்றும் எழுதுபவர்களுக்குச் சொல்லும் அறிவுரை. ஒளித்து வைக்காமல் வெளிப்படையாக எழுத வேண்டும் என்பதே வேறுபாடு.

தமிழுக்கு நேர்ந்த தனித் தடை

தமிழில் எழுதியவர்களுக்குச் சரியான சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே ஒரு தடை இருந்தது. 1990களில் தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்கப் பொதுவான முறை இல்லை. ஒவ்வோர் எழுத்துருவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக்கொண்டது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பரவியிருந்த பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், கணினியில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரையில் தமிழ் தெரியும், தேடுபொறி காண்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம். நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தமக்கென எழுத்துரு வைத்திருந்தன. ஒன்றுக்குத் தேடும் சொல் மற்றொன்றுக்குப் பொருந்தாது. தமிழில் அதிகம் எழுதப்பட்டும், தமிழ்ச் சொல்லைத் தட்டித் தமிழைத் தேட முடியாத நிலை அது.

இதைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டின் வழியே டாப், டாம் என்ற தரங்கள் வந்தன. தன்னார்வலர்கள் உருவாக்கிய திஸ்கி வெளிநாட்டுத் தமிழரிடையே பரவியது. 1991 முதலே தமிழுக்கு ஒருங்குறியில் இடம் இருந்தது. ஆனால் வீட்டுக் கணினிகள் அதைச் சரியாகக் காட்டத் தொடங்கிய பிறகுதான் மக்கள் அதற்கு மாறினர். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. தமிழ் வலைப்பதிவுகள் பெருகியதும் அந்த ஆண்டுகளில்தான். 2004இல் வந்த தமிழ்மணம் போன்ற திரட்டிகள் புதிய இடுகைகளை ஓரிடத்தில் காட்டின. தேடுபொறி வழியாக வர வேண்டிய வாசகர் முதலில் திரட்டியின் வாசல் வழியாக வந்தார். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், அது இயலாத இடங்களுக்குத் தேஸ் 16 என்ற முறையையும் ஏற்றது.

குறியேற்றம் சீரான பிறகும் தமிழின் இயல்பு காரணமாகச் சில சிக்கல்கள் நிற்கின்றன. 'மரம்' என்று தேடுபவருக்கு 'மரத்தை', 'மரங்களின்' என்பவையும் வேண்டும். 'வீடு' வேற்றுமை ஏற்றால் 'வீட்டில்' ஆகி உருவே மாறுகிறது. எளிய பொறி இவற்றை வெவ்வேறு சொல்லாகவே எண்ணும். சந்தி சேர்த்து எழுதுபவரும் பிரித்து எழுதுபவரும் உண்டு. ஒரே கருவியை ஒருவர் வலைப்பூ என்பார், ஒருவர் வலைப்பதிவு என்பார், மற்றொருவர் பிளாக் என்பார். கூகுள், கூகிள் என்று ஒரே பெயரை இருவிதமாக எழுதுகின்றனர். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் அமைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பொறி அவற்றை ஒன்றாக்கிக் கொள்ளாவிட்டால் இரண்டும் வேறு.

எனவே தமிழ்ப் பதிவர், கட்டுரையின் முதல் பத்தியில் 'சர்க்கரை நோய் எனப்படும் நீரிழிவு' என்று ஒரு முறை எழுதிவிடுவது வெறும் உத்தி அன்று. நிகண்டு செய்த வேலையும் சங்கிலி அடைவு செய்த வேலையும் அந்த ஒரு தொடரில் நடக்கின்றன. ஊர்ப்பெயரை வழக்கில் உள்ளபடியும் ஏட்டில் உள்ளபடியும் தருவதும், பெயர்ச்சொல்லை எங்காவது வேற்றுமை ஏற்காத எழுவாய் வடிவில் எழுதுவதும் இத்தகையவை. 'ஒரு சிறு சிந்தனை' என்று தலைப்பிட்ட கட்டுரை மதுரைத் தெப்பக்குளத்தைப் பற்றியது என்பதை எந்தப் பொறியும் தலைப்பிலிருந்து அறியாது, எந்த வாசகரும் அறியார்.

பழைய எழுத்துருக்களில் ஏற்றப்பட்ட பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பலர் தம் பழைய எழுத்துகளை அவ்வாறு மாற்றிக்கொண்டனர். மாற்றப்படாத பக்கங்களும், அந்த எழுத்துருக்களில் அச்சுக்கோத்து அப்படியே பி.டி.எஃப். கோப்பாக ஏற்றப்பட்ட நூல்களும் மலர்களும் இன்னும் இருக்கின்றன. முகவரி தெரிந்தவர் அவற்றைத் திறந்து நன்றாகப் படிக்கலாம். தெரியாதவர் எந்தத் தமிழ்ச் சொல்லைத் தட்டினாலும் அவை வருவதில்லை.